வர்றேன் என்று சொன்னவன்

ஜூலை 11, மணாலி

இந்த நோட்டை வீட்டுக்காரி ருக்மணி என் பெட்டியில் வைத்துவிட்டிருக்கிறாள். "ஃபோன்ல ‘ம்’முன்னு சொல்றதத் தவிர வேற ஒண்ணும் பேச மாட்டீங்க. தினமும் எழுதிக் கொண்டாங்க, நான் படிச்சுக்கறேன்" என்று உத்தரவு. படிக்கட்டும். அவளும் அவள் மகளும் சேர்ந்து அரங்கேற்றிய கூத்து எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று அவளுக்கும் தெரிய வேண்டுமே.

கூத்து இதுதான். மகள் தமயந்திக்குப் பம்பாயில் பேங்க் உத்தியோகம். அங்கே நவநீதன் என்று ஒருவனைப் பிடித்துப் போய்விட்டது. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன். தொழில் நாய் டாக்டர். மாட்டு டாக்டராக இருந்தாலாவது நாலு ஊருக்கு உபயோகம். இவன் பங்களா நாய்களுக்குப் பல் சுத்தம் செய்கிறான். முடியாது என்றேன். "ஒரு தடவகூட நேர்ல பாக்காம வேண்டாம்னா எப்படிப்பா?" என்று அழுதாள். அழுகைக்கு மசிகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் ஒரு யோசனை வந்தது.

ஞாயிறு தவறாமல் மருதமலைக்கும், மாதம் ஒரு தடவை வால்பாறைக்கும் சைக்கிளில் ஏறுகிறவன் நான். பம்ப் செட் பட்டறையை மூடிய பிறகு அதுதான் எனக்கு வேலை. மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போவது ரொம்ப நாள் ஆசை. நடுவில் ஐந்து கணவாய்கள். அவனுக்கு ஃபோன் போட்டேன். என்னோடு வா, ஐந்தையும் சைக்கிளோடு உன் சொந்தக் காலால் தாண்டு, தாண்டிவிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், நடுவில் ஒரு லாரியிலோ ஜீப்பிலோ ஏறினால் தமயந்தி பேச்சை விட்டுவிட வேண்டும் என்றேன். "சரி சார்" என்றான். ஒரு கேள்வி கிடையாது. யோசிக்கிற பழக்கமே இல்லை போலிருக்கிறது.

இன்றைக்கு நேரில் பார்த்தேன். சோடாபுட்டிக் கண்ணாடி. குச்சிக் கால்கள். வாடகை சைக்கிள், அதன் செயின் எண்ணெயைக் கண்டு எத்தனை காலமோ தெரியாது. மூன்றாவது கணவாய் வரை தாங்க மாட்டான். இரண்டாவதிலேயே முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

"மாமா, பயணம் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தான். மாமா உறவெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், சார் போதும் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, "அப்ப நான் போறேன் சார்" என்றானே பார்க்கலாம்.

"ஏனப்பா, உங்கூட்டுல யாரும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா? எழவு ஊட்டுலகூட யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க, சொல்லிக்காமத்தான் கெளம்புவாங்க. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல போறேங்கறயே. வர்றேன்னு சொல்லு."

"அடுத்த ரூமுக்குத்தானே சார் போறேன்?"

"அடுத்த ரூமானாலும் அமெரிக்காவானாலும் கெளம்பறப்ப வர்றேன்னுதான் சொல்லோணும்."

"அச்சா. வர்றேன் சார்" என்றான். நல்ல காரியம் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தவறிவிட்டது.


ஜூலை 12, மணாலி

இன்றே கிளம்ப வேண்டியது. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், ஒரு நாள் இருந்து போகலாம் என்று சொல்லிக் கெடுத்தான். மலை உயரத்துக்கான மாத்திரை என்று ஒரு அட்டையை வேறு நீட்டினான். நாய்க்குக் கொடுப்பதா என்று கேட்டேன். மனுஷ டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் என்றான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விழுங்குவதாகச் சொல்லவில்லை.


ஜூலை 13, ரோதாங் தாண்டி

முதல் கணவாய் முடிந்தது. கார்க்காரர்களுக்கெல்லாம் மலைக்கு அடியில் சுரங்கப்பாதை வந்துவிட்டது. இருந்தும் மேலே ஒரு கூட்டம். அழுக்கேறிய பனிக்கட்டித் துண்டு ஒன்றைச் சுற்றி, வாடகைக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் அதைவிட நிறைய பனிக்கட்டி இருக்கும்.

நவநீதன் பாதி ஏற்றம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான். தள்ளுவது மிதிப்பதில் சேருமா என்று மேலே வைத்துக் கேட்டேன். "நீங்களும் ரெண்டு எடத்துல தள்ளினீங்களே சார்" என்றான். நான் தள்ளியது செயினைச் சரிபார்க்க. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் என்ன பேச. சரி, கால் தரையில் பட்டாலும் சொந்தக் கால்தானே என்று விட்டுக்கொடுத்தேன்.


ஜூலை 14

மழை. சகதி. பருப்பு. எழுத ஒன்றுமில்லை.


ஜூலை 16, ஜிஸ்பா

மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. இடுப்பில், முழங்காலில், முழங்கையில் எல்லாம் கவசம். குருட்சேத்திரத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி. முறுக்கினால் போகிற வண்டிக்கு இத்தனை அலங்காரம். அதில் ஒருவன் என்னைக் காட்டி, "அங்க்கிள், இந்த வயசில் சைக்கிளா, கிரேட்" என்று கட்டைவிரலைத் தூக்கினான். எனக்கு ஐம்பத்தெட்டுதான். அவன் தொப்பையைப் பார்த்தால் அதில் இரண்டு பேர் குடியிருக்கலாம்.

நவநீதன் போகிற இடமெல்லாம் நாய்கள் அவன் பின்னால் வருகின்றன. கூடாரக்காரியின் நாய்க்குக் காலில் முள் ஏறியிருந்தது. தன் சைக்கிள் பையிலிருந்து கத்திரி, பஞ்சு, களிம்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் வீண். அதற்குக் கைம்மாறாக அந்த அம்மாள் எங்களுக்குச் சோறும் தயிரும் போட்டாள். சோறு வேண்டும் என்று நான் தமிழிலேயே அழுத்திச் சொன்னதும் ஒரு காரணம்.

இவனுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது தண்ணீருக்குப் பானி, டீக்கு சாய், வருவானுக்கு ஆயேகா, போவானுக்கு ஜாயேகா. எந்த ஊர் வியாபாரிக்கும் அது போதும்.


ஜூலை 18, பாரலாச்சா தாண்டி

இரண்டாவது கணவாய். ‘லா’ என்றால் இந்தப் பக்கம் கணவாயாம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு லா. மேலே நிற்கிறபோது காதுக்குள் காற்று கத்தியது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே வருகிறது. தண்ணீர் பாட்டிலின் வாய் உறைந்துபோய்விட்டது. கல்லில் தட்டித்தான் குடித்தேன்.

இரண்டாவதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். ஆனால் வந்தான். வந்தவுடன் உட்கார்ந்து பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். இவனுக்கு மானம், ரோஷம் என்று ஒன்றும் கிடையாதா?

எனக்குத் தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஹெல்மெட் பட்டை இறுக்கம். "நாக்க நீட்டுங்க சார், கண்ண மேல தூக்குங்க" என்று என் இமையை இழுத்துப் பார்த்தான். உன்னிடம் வருகிற அல்சேஷன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். "அல்சேஷன் சொன்னா கேக்கும் சார்" என்றான். திமிர்.


ஜூலை 20, பாங்

நேற்றும் இன்றுமாக மூன்றாவது, நான்காவது இரண்டும் ஆயிற்று. கட்டா வளைவுகள் என்று ஒரு மலைச்சுவர், அதில் பாம்பு மாதிரி சாலை. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே பார்த்தால் அவன் தொப்பி தெரிந்தது. சிவப்புத் தொப்பி, தமயந்தி பின்னிக் கொடுத்ததாம். எங்களுக்கு அவள் ஒரு கைக்குட்டைகூடப் பின்னியதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தொப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எங்கே நிற்கப் போகிறான் என்று தெரிய வேண்டுமல்லவா.

நிற்கவில்லை, சனியன்.

மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பருப்பு எத்தனை நாள் பழசோ. வாந்தி எடுத்துவிட்டேன், ஜெர்கின் மேலெல்லாம். தூங்கி எழுந்தபோது ஜெர்கின் துவைத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரி நல்ல மாதிரி. நவநீதன் தண்ணீரில் ஊறின மாதிரி விரலெல்லாம் சிவந்துபோய் அடுப்பருகில் கை காய்ந்துகொண்டிருந்தான். இந்தக் குளிருக்கே இவ்வளவு நடுங்குகிறவன்.

மாத்திரை பாதியை விழுங்கினேன். அவன் தொணதொணப்பை நிறுத்தத்தான்.


ஜூலை 21, டெப்ரிங்

பகல் முழுக்க மோரே என்கிற மொட்டைச் சமவெளி. சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டை. இதில் குழந்தைகூட ஓட்டும். இருந்தும் இன்றைக்கு அவன் முன்னால் போனான், நான் பின்னால். எதிர்க்காற்றை அவன் வாங்கட்டும் என்று நான்தான் விட்டேன்.

இங்கே கூடாரங்கள் வரிசையாக இருக்கின்றன. எதிரே தாங்லாங் லா நிற்கிறது. ஐந்தாவது, எல்லாவற்றிலும் உயரம். அது ஒன்றுதான் பாக்கி. அவன் அதைத் தாண்டிவிட்டால் நான் வாயைத் திறக்க முடியாது. சென்னியப்பன் சொன்ன சொல் மாறினான் என்று கோயமுத்தூரில் எவனும் பேசியதில்லை.

கூடாரத்தில் சேட்டிலைட் ஃபோன் இருக்கிறது. அவன் தமயந்தியோடு பேசினான். "தமா, இன்னும் ஒண்ணுதான்" என்றான். எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் சுருக்கியதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி ரொம்ப நேரம் பேசினான். "இல்ல, ஒத்துக்க மாட்டார்" என்பது மட்டும் காதில் விழுந்தது. பேசி முடித்து வந்து, நாளைக்கு ஒரு நாள் இங்கேயே ஓய்வு எடுக்கலாமா என்று கேட்டான்.

பயந்துவிட்டான். கடைசிக் கணவாயைக் கண்ணால் பார்த்ததும் கால் நடுங்குகிறது. முடியாது, காலையில் கிளம்புகிறோம் என்றேன். எனக்குக் கொஞ்சம் இருமல் இருக்கிறது. தூசி.


ஜூலை 22, தாங்லாங் லா

மேலே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வந்துவிட்டேன். அவன் வரவில்லை. இனிமேல்தான் வருவான்.

கையுறையைக் கழற்றினால்தான் பேனா பிடிக்க முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் ருக்மணி திட்டக் கூடாது.

காலையிலிருந்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏற்றம் முழுக்க அவன் என் பக்கத்திலேயே வந்தான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் தங்கவில்லை. முக்கால்வாசி ஏறின இடத்தில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டான்.

"சார், ஒதடு நீலமா இருக்கு. மூச்சு விடறப்போ உள்ள கொப்புளிக்கற சத்தம் கேக்குது. நீங்க இதுக்கு மேல ஏறக் கூடாது. வாங்க, ரெண்டு பேரும் எறங்கிடலாம்."

"எறங்கினா நீ தோத்த."

"சரி சார். தோத்துட்டேன்னே வெச்சுக்குங்க. எறங்குங்க."

இப்போது நினைத்தாலும் எரிகிறது. தோற்பதை இப்படியா, சில்லறை கொடுப்பது மாதிரி கொடுப்பது? என்னைச் சாக்காக வைத்து நழுவப் பார்க்கிறான் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"உன்னால முடியலேன்னா எம்மேல பழி போடாத. நாயிப் பல்லப் புடிச்சுப் பொழைக்கறவனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கு, என்ற பொண்ணு காலம் பூரா எங்கூட்டுலயே கெடக்கட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். ஆக்ஸிமீட்டர் என்று விரலில் மாட்டும் சாமானை என் பையில் போட்டான்.

"சரி சார். நான் வர்றேன்" என்றான்.

நான் மிதிக்க ஆரம்பித்தேன். மிதித்தேன், தள்ளினேன், உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வர்றேன் என்றுதான் சொன்னான். அதனால் வருவான்.


அதே நாள்

கொடிகள் கட்டியிருக்கிற கம்பத்துக்கு அடியில் இருக்கிறேன். மஞ்சள் போர்டு ஒன்று இருக்கிறது. எழுத்துகள் ஆடுகின்றன. சரியாகப் பெயிண்ட் அடிக்கத் தெரியாதவன் எவனோ எழுதியிருக்கிறான்.

அந்தப் பக்கம் இறங்கினால் ஊர் வந்துவிடும். இறக்கம்தான், மிதிக்க வேண்டாம். ஆனால் அவன் வந்து பார்த்துவிட்டு நான் இல்லை என்றால் தேடுவான். தேடித் தொலைந்து போனால் தமயந்திக்கு யார் பதில் சொல்வது? அவன் தோற்ற முகத்தைப் பார்க்காமல் நகர மாட்டேன்.


லாரி. சர்தார்ஜி ஒருவர் தலைப்பாகையோடு இறங்கி வந்தார். மணாலிப் பக்கம் போகிறவர். ஏறு ஏறு என்று கையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். ஆயேகா என்றேன். கௌன் ஆயேகா என்று கேட்டார். கௌன் என்றால் என்ன என்று தெரியவில்லை. ஆயேகா, ஆயேகா என்று சாலையைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மரியாதை தெரியாத மனிதர்.


பட்டறையைப் பூட்டினேனா. ஃபிட்டர் ஆறுமுகத்திடம் சாவி இருக்கிறது.


சிவப்புத் தொப்பி வரவில்லை. வளைவில் எது வந்தாலும் சிவப்பாகத் தெரிகிறது. பெட்ரோல் டேங்கர் அது.

பனி விழுகிறது. ஜூலையில் பனி. இந்த ஊரில் எதுவுமே ஒழுங்கில்லை.


வர்றேன்னு சொன்னான் ருக்கு


ஜூலை 24, லே, ஆஸ்பத்திரி

மூக்கில் குழாயோடு எழுதுகிறேன். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று இங்கிருக்கிற லேடி டாக்டர் என்னைப் பள்ளிக்கூடப் பையனை மிரட்டுவது மாதிரி மிரட்டினாள். என் மகள் வயசுதான் இருக்கும். பதில் சொல்ல மூச்சு இல்லாததால் கேட்டுக்கொண்டேன்.

மேலே நடந்த கடைசிப் பகுதி எனக்கு நினைவில்லை. ஜீப் ஒன்று வந்ததும், முகத்தில் ஏதோ மாட்டியதும், யாரோ என் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. டெப்ரிங் கூடாரத்திலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஜீப் பிடித்து வந்திருக்கிறான். என் சைக்கிள் ஜீப்பின் தலையில் வந்தது. அவன் சைக்கிள் டெப்ரிங்கிலேயே கிடக்கிறது.

ஆக, ஜீப்பில் ஏறிவிட்டான்.

சாயங்காலம் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டும் என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டேன்.

"வர்றேன்னு சொல்லிப்போட்டு ஏம்ப்பா அத்தன நேரம் வரல?"

அவன் சுளையில் நார் எடுப்பதை நிறுத்தவில்லை. "நான் வர்றதுக்காகச் சொல்லல சார்."

"பின்ன?"

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்ல. கெளம்பறப்ப போறேன்னு சொல்லக் கூடாது, வர்றேன்னுதான் சொல்லணும்னு. அப்படித்தான் சொன்னேன். நான் கெளம்பிட்டேன் சார்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூளைக்கு இன்னும் காற்றுப் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். போறேன் என்கிற அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தோடு என்னை, இந்தப் பந்தயத்தை, எல்லாவற்றையும் தலை முழுகிவிட்டுத் திரும்பியிருக்கிறான். அடுத்த ரூமானாலும் அமெரிக்காவானாலும் என்று சட்டம் பேசியவன் நான். என் சட்டப்படி அவன் விடைபெற்றுக்கொண்டு போக, நான் ஒருத்தன் உச்சியில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் வாழ்நாளில் இதைவிட மடத்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.

"அப்புறம் எதுக்கு வந்த?"

"கீழ வந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். உங்களத் தேடிப் போய்ப் பாருங்கன்னு மிலிட்டரி கேம்ப்ல சொல்லிட்டு, மணாலி லாரில ஏறிடலாம்னு சைக்கிளையும் கட்டப் போனேன். அப்ப மேலேர்ந்து ஒரு சர்தார்ஜி வந்தார். மேல ஒரு மதராஸி பெரியவர் பனியில உக்காந்திருக்கார், வண்டில ஏறச் சொன்னா ஏற மாட்டேங்கறார், யாரோ வருவாங்க வருவாங்கன்னு சொல்லிட்டே இருக்கார்னு சொன்னார். அப்பத்தான் சார் எனக்குத் தெரிஞ்சுது. நீங்க நெஜமாவே நான் வருவேன்னு நெனச்சிட்டீங்க."

இவன் எப்படிப்பட்டவன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘உங்களுக்கு ஆக்சிஜன் எடுத்து வரத்தான் சார் கீழே போனேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். என் நிலைமைக்கு எதையும் நம்பியிருப்பேன். காலில்கூட விழுந்திருப்பேன். மாமனாரைக் காப்பாற்றிய கதையை ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, நான் உங்களை உதறிவிட்டுத்தான் போனேன் என்று ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொல்கிறான். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

"நீங்க ஏன் சார் அந்தப் பக்கம் எறங்கிப் போகல?" என்று கேட்டான்.

"உன்ற தோத்த மூஞ்சியப் பாக்கறதுக்குத்தான்" என்றேன்.

ஆரஞ்சைக் கையில் கொடுத்தான். புளிப்பு.


ஜூலை 25, லே

ருக்மணி ஃபோனில் அழுதாள். ‘ம்’ என்றேன்.

ஆனால் இந்த நோட்டை நீ படிப்பாய் என்பதால் இதில் எழுதுகிறேன். நேற்று அவனிடம் சொன்னது பொய். அங்கே எனக்குப் பயமாக இருந்தது. இறங்கத் தெம்பில்லை. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தொப்பி தெரிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தது. பெற்ற மகள் நினைவு வந்தது, உன் நினைவு வந்தது, ஆனால் வருவான் என்று நான் நம்பியது அந்த நாய் டாக்டரைத்தான். பாங்கில் என் ஜெர்கினைத் துவைத்தது கடைக்காரி இல்லை என்பதும் எனக்கு அன்றே தெரியும்.

இதைப் படித்துவிட்டு என்னிடம் இதைப் பற்றிப் பேசாதே.


ஜூலை 26, லே

ஆஸ்பத்திரியிலிருந்து விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை மறுநாள் விமானம். தமயந்தி டெல்லிக்கு வந்து என்னைக் கூட்டிப்போகிறாள், பார்சல் வாங்குகிற மாதிரி.

காலையில் நவநீதன் பையை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றான். டெப்ரிங் பக்கம் போகிற லாரி கிடைத்திருக்கிறதாம். வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்படியே மணாலி போய் ஒப்படைக்க வேண்டுமாம். மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று மேஜை மேல் பிரித்து வைத்தான். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறது என்றான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"சார், அஞ்சாவது கணவாய்ல நான் ஜீப்ல ஏறிட்டேன். பேசினது பேசினதுதான். தமா கிட்ட நேத்தே சொல்லிட்டேன், நாம தோத்துட்டோம்னு. அவ அழுதா. நீங்க அவளத் திட்டாதீங்க, அவ பாவம்."

இவன் சைக்கிளில் அந்த ஐந்தாவதை ஏறியிருந்தால் நான் இப்போது இந்தக் கட்டிலில் இருந்திருக்க மாட்டேன். மரப்பெட்டியில் இருந்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, பந்தயத்தில் தோற்றேன் என்று என்னிடம் வந்து ஒப்பிக்கிறான். நான்தான் சொன்ன சொல் மாறாதவன் என்று பெருமை பேசித் திரிந்தேன். இவனுக்கு அது ஒரு பெருமையாகக்கூடத் தோன்றவில்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டான். வாசற்படியில் இறங்கினான். திரும்பி என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் எனக்குச் சரியாகக் காதில் விழும்படி சொன்னான்.

"போறேன் சார்."

வேண்டுமென்றேதான் சொன்னான். இந்தத் தடவை நான் தப்பாகப் புரிந்துகொண்டு எங்கேயும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பான். போர்வையோடு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த லேடி டாக்டர் பார்த்திருந்தால் கத்தியிருப்பாள்.

"என்ன சொல்லிக் குடுத்தேன் உங்களுக்கு?"

உங்களுக்கு என்று வந்துவிட்டது. அவனும் கவனித்தான்.

"இல்ல சார், நான் நெஜமாவே..."

"வர்றேன்னு சொல்லுங்க."

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது.

"எங்க சார் வரணும்?"

"கோயமுத்தூருக்கு. இப்ப ஆடி, நல்ல காரியம் பேசக் கூடாது. ஆவணி பொறந்ததும் அப்பா அம்மாவக் கூட்டிட்டு எங்கூட்டுக்கு வாங்க மாப்ள. தட்டத்தோட வாங்க."

தட்டம் என்றால் பம்பாய்க்காரனுக்குப் புரியுமோ புரியாதோ. பெண் கேட்டுப் பழம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வருவது என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டான். துடைத்தான், துடைத்தான், அப்படி என்ன தூசியோ. ஆண்பிள்ளை நடுத்தெருவில் இப்படி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. லாரிக்காரன் போய்விடுவான், கிளம்புங்க என்று விரட்டினேன்.

"வர்றேன் மாமா" என்றான்.

சிவப்புத் தொப்பி தெருமுனையில் திரும்பி மறைகிற வரை போர்வையோடு நின்றேன். எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.